ஒரு சொல்லுக்கு இரண்டு குறி

ஆய்வேட்டின் நான்காம் இயலை முடித்துவிட்டதாக அந்த ஆய்வாளர் நம்பியிருந்த வாரத்தில், அவருடைய கணினி பழைய கோப்பிலிருந்தே புதியதோர் எண்ணைத் தந்தது. இடப்பள்ளியில், சங்ஙம்புழப் பூங்காவுக்கு அருகே அவர் குடியிருந்த வாடகை அறையில், ஒரு முன்னிரவில் இது நிகழ்ந்தது. அதுவரை பல்கலைக்கழக ஆய்வகத்தின் பழைய கணினியில் ஓட்டிவந்த நிரலை அன்றுதான் முதன்முறையாகத் தம் புதிய மடிக்கணினியில் ஓட்டினார். நிரல் அதுவே, சொற்கோப்பும் அதுவே, ஓர் எழுத்தும் மாறவில்லை. நிரலை இயந்திரமொழியாக்கும் தொகுப்பியின் பதிப்பு மட்டுமே மாறியிருந்தது. ஆயினும் தனிச்சொற்களின் எண்ணிக்கை குறைந்திருந்தது. இரண்டு சொற்பட்டியல்களுக்கும் பொதுவான சொற்களின் எண்ணிக்கை கூடியிருந்தது.

அந்த இரண்டு எண்களின்மேல்தான் இயல் நின்றது.

ஃபோர்ட்கொச்சியில் வெளி என்னும் பகுதியில் ஒரு சலவைக்கூடம் உண்டு. ஊரார் அதைத் தோபிகானா என்பர். அங்கே தொழில் செய்யும் குடும்பங்கள் தமிழ் பேசுபவை. டச்சுக்காரர் தம் படையினரின் சீருடைகளைத் துவைக்கத் தமிழகத்திலிருந்து அழைத்துவந்த வண்ணார்களின் வழியினர் தாங்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. நான்கு புறமும் மலையாளம் சூழ்ந்திருக்க, துவைத்தல், வெள்ளாவி வைத்தல், நீலம் போடுதல், கஞ்சியிடுதல் ஆகிய வேலைகளுக்குரிய தமிழ்ச் சொற்கள் எந்த அளவுக்கு நிலைத்திருக்கின்றன என்பதே ஆய்வாளரின் வினா. முதியோர் பேச்சையும் இளையோர் பேச்சையும் தனித்தனியே ஒலிப்பதிவு செய்து, எழுத்தாக்கி, இரண்டு சொற்பட்டியல்களை அவர் ஒப்பிட்டிருந்தார். ஒப்பீட்டின் முடிவு தெளிவாகத் தோன்றியது: முதியோர் வழங்கும் தொழிற்சொற்களில் பெரும்பகுதி இளையோர் பேச்சில் இல்லை. இயலின் இறுதிப் பத்தி, ஒரு தலைமுறைக்குள் ஒரு தொழில்மொழி கரைந்துபோனது என்று எழுதி முடிந்திருந்தது.

அந்த முடிவை அவர் சலவைக்கூடத்து மூதாட்டி ஒருவரிடம் முன்னரே சொல்லிப் பார்த்ததுண்டு. மூதாட்டி சிரித்தார்.

“ஏன் கண்ணு, கொடின்னா எங்க பேத்திக்குத் தெரியாதா? தினமும் அவதானே கொடியில துணி போடறா.”

“தெரியும் பாட்டி. ஆனா அவங்க பேச்சுல அந்தச் சொல் வரலையே.”

“நீ கேட்டப்ப வந்திருக்காது. இப்ப கூப்பிட்டுக் கேளு.”

ஆய்வாளர் கூப்பிட்டுக் கேட்கவில்லை. குறிப்பேட்டில், தம் மொழி அழிவதை ஏற்க மறுக்கும் முதியோரின் பெருமிதம் என்றொரு வரி எழுதிக்கொண்டார். தரவு ஒரு பக்கமும் தகவலாளியின் கருத்து ஒரு பக்கமும் நின்றால் தரவின் பக்கம் சாய்வதுதான் முறை என்று அவர் கற்றிருந்தார். தரவு என்று அவர் நம்பியது தொகுப்பி எண்ணிக் கொடுத்த எண்.

அவர் கையாண்ட மொழி லிஸ்ப். 1958இல் ஜான் மெக்கார்த்தி எம்.ஐ.டி.யில் தொடங்கிய அம்மொழி, ஏனைய மொழிகள் எண்களைக் கணக்கிடுவதில் முனைந்திருந்த காலத்தில், குறிகளைக் கையாள்வதற்கென எழுந்தது. சொற்களைப் பட்டியலாக அடுக்கவும் பிரிக்கவும் மரமாகக் கோக்கவும் அதில் எளிது. மொழியியலாளர் அதை விரும்பியதற்கு அதுவே காரணம். லிஸ்பில் ஒரு சொல்லை இரண்டு வகையில் வைக்கலாம். ஒன்று, எழுத்துகளின் வரிசையான சரம். மற்றொன்று, சிம்பல் எனப்படும் குறி. சரங்கள் இரண்டை ஒப்பிடும்போது எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும். குறி அப்படியன்று: ஒரு சொல்லை முதன்முறை வாசிக்கும்போதே அதற்கென ஓர் இருப்பிடம் ஒதுக்கப்படும், பின்னர் அதே சொல் எத்தனை முறை வந்தாலும் அதே இருப்பிடத்தையே சுட்டும். ஒப்பிட வேண்டுமானால் இருப்பிடம் ஒன்றா என்று மட்டும் பார்த்தால் போதும்.

சலவைத் தொழிலில் வண்ணான் குறி என்று வழங்குவதும் இத்தகைய ஏற்பாடே. வெள்ளை வேட்டிகள் நூறு இருந்தால் அவற்றைத் துணியின் தோற்றத்தைக் கொண்டு எவராலும் பிரிக்க இயலாது. ஓரத்தில் இட்ட குறிதான் எது எந்த வீட்டுடையது என்று சொல்லும். ஒரே வீட்டுக்குத் தவறுதலாக இரண்டு குறிகள் இடப்பட்டால், அவ்வீட்டின் துணிகள் இரண்டு பொதிகளாகப் பிரிந்து, இரண்டு வீடுகளுடையவைபோல் கணக்கில் ஏறும். ஆய்வாளருடைய கோப்பில் நிகழ்ந்ததும் இதுவே. அதை அவர் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

முதலில் அவர் ஐயுற்றது தொகுப்பியை. அவர் பயன்படுத்தியது ஸ்டீல் பேங்க் காமன் லிஸ்ப், சுருக்கமாக எஸ்.பி.சி.எல். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த சி.எம்.யு. காமன் லிஸ்ப் என்னும் தொகுப்பியிலிருந்து 1999 டிசம்பரில் வில்லியம் நியூமன் பிரித்தெடுத்த கிளை அது. கார்னெகி எஃகுத் தொழிலிலும் மெலன் வங்கித் தொழிலிலும் பொருளீட்டியவர்கள். அதனால்தான் பெயரில் எஃகும் வங்கியும் வந்தன. தாய்த் தொகுப்பியைப் புதிதாகக் கட்ட வேண்டுமானால், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் அதே தொகுப்பி ஒன்று வேண்டும். ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையின் உள்ளிருந்தே பிறக்க வேண்டியிருந்தது. மூலநிரலிலிருந்து, வேறொரு காமன் லிஸ்பின் துணையோடும், தூய்மையாகக் கட்டத்தக்க தொகுப்பி வேண்டும் என்பது நியூமனின் நோக்கம். காமன் லிஸ்பின் தரநிலை 1994இல் வகுக்கப்பட்டது, அதன்பின் மாறவில்லை. நூற்பா மாறாமல் நிற்க, உரைகள் காலந்தோறும் பெருகுவதுபோல, மொழி நின்றுவிட்ட பின்னும் தொகுப்பிகள் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. எஸ்.பி.சி.எல். ஏறத்தாழ மாதம் ஒரு பதிப்பாக வெளிவருகிறது.

ஒவ்வொரு பதிப்போடும் நியூஸ் என்னும் எளிய உரைக்கோப்பு ஒன்று சேர்ந்து வரும். அதில் மாற்றங்கள் வகை பிரித்து ஒவ்வொரு வரியாக எழுதப்பட்டிருக்கும்: புதிய வசதி, மேம்பாடு, வேகப்படுத்தல், வழுத் திருத்தம். இவற்றோடு, முந்தைய பதிப்போடு சிறிதளவு பொருந்தாத மாற்றம் என்னும் வகையும் உண்டு. மாற்றத்தைச் செய்தவர்க்கு அது சிறிது. எவருடைய வேலை அதன்மேல் நிற்கிறதோ அவர்க்கு அது எவ்வளவு பெரிது என்பதை அந்த வரி சொல்லாது, சொல்லவும் இயலாது. நிரலாளர் பலரே அக்கோப்பைப் படிப்பதில்லை. மொழியியல் படித்து, தேவைக்கு நிரலெழுதக் கற்றுக்கொண்ட ஆய்வாளர் அப்படி ஒரு கோப்பு இருப்பதையே அறிந்திருக்கவில்லை. நூலகத்தில் எந்த நூலையும் எடுத்தவுடன் பதிப்புக் குறிப்பைப் பார்க்கும் பழக்கமுள்ளவர் அவர். நற்றிணையை மேற்கோள் காட்டும்போது பதிப்பாசிரியர் பெயரைச் சொல்லாமல் விட்டதில்லை. ஆனால் இயலின் ஆய்வுமுறைப் பகுதியில், சொற்கள் கணினியால் எண்ணப்பட்டன என்பதோடு நிறுத்தியிருந்தார்.

ஆய்வகக் கணினியில் இருந்தது 2014க்கு முந்தைய பதிப்பு. ஓடுகிறதே என்று யாரும் அதைத் தொட்டதில்லை. மடிக்கணினியில் இருந்ததோ இன்றைய 2 வரிசைப் பதிப்பு. புதிய பதிப்பில் ஏதோ வழு புகுந்து சொற்களை விழுங்குகிறது என்று எண்ணிய ஆய்வாளர், ஒன்பதாம் நாளில் எளிய வேலையொன்றைச் செய்தார். பழைய கணினியின் சொற்பட்டியலையும் புதிய கணினியின் சொற்பட்டியலையும் அடுத்தடுத்து வைத்து, எந்தெந்தச் சொற்கள் குறைந்தன என்று கண்ணால் பார்த்தார்.

குறைந்த சொற்கள் இவை: கொடி, பொதி, தொட்டி, சோடா, தோய்த்தல், சொட்டுநீலம், போர்வை, மொடமொடப்பு. பழைய பட்டியலில் ஒவ்வொன்றும் இரண்டு முறை இருந்தது; புதியதில் ஒரு முறை. சலவைக்கூடத்தின் முற்றத்தை அப்படியே எழுதிவைத்ததுபோன்ற அந்தப் பட்டியலில் ஒகர ஓகார உயிர்மெய் இல்லாத சொல் ஒன்றுகூட இல்லை. வெள்ளாவி இல்லை, துவைத்தல் இல்லை, கஞ்சி இல்லை. அவை இரண்டு கணினிகளிலும் ஒரே எண்ணிக்கையில் இருந்தன.

கொ என்னும் எழுத்தைக் கண் மூன்று துண்டுகளாகக் காண்கிறது: ஒற்றைக்கொம்பு, ககரம், கால். ஈய அச்சுக் காலத்தில் எழுத்துக் கோப்பவர் அம்மூன்றையும் தனித்தனியே எடுத்து அடுக்கினார். 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பில் தமிழும் இடம்பெற்றது. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்கு அதில் தனி எண் தரப்பட்டது. ஒற்றைக்கொம்புக்கு ஓர் எண்ணும் காலுக்கு ஓர் எண்ணும் உண்டு. ஆகவே ககரத்தின்பின் அவ்விரண்டையும் அடுத்தடுத்து இட்டாலும் திரையில் தோன்றுவது அதே கொ. ஓகாரத்துக்கும் இவ்வாறே இரண்டு வழிகள். ஔகாரத்துக்கும் இரண்டு வழிகள். இவ்விணைகள் ஒன்றுக்கொன்று நிகரானவை, அவற்றை வேறுபடுத்தக் கூடாது என்று ஒருங்குறியே விதித்திருக்கிறது. ஆனால் விதி இருப்பது வேறு. ஒவ்வொரு மென்பொருளும் அவ்விதியைப் பின்பற்றுவது வேறு.

முதியோரின் ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர் பழைய எழுத்துரு ஒன்றில் பழகியவர். அவர் தட்டிய பக்கங்கள் பின்னர் ஒரு மாற்றியின் வழியே ஒருங்குறிக்கு வந்தன. அந்த மாற்றி கொம்பை ககரத்துக்குப் பின் நகர்த்திவிட்டு, காலை இருந்த இடத்திலேயே விட்டிருந்தது. இளையோரின் ஒலிப்பதிவை எழுத்தாக்கியவர் கைப்பேசியில் தட்டினார். அதன் விசைப்பலகை ஒகரக் குறியை ஒரே எண்ணாக இட்டது. ஆகவே முதியோரின் கொடிக்கு ஒரு குறி. இளையோரின் கொடிக்கு வேறொரு குறி. இரண்டு தலைமுறைகளுக்கிடையே மொழி கரைந்த இடம் என்று ஆய்வாளர் கருதியதில் ஒரு பகுதி, இரண்டு விசைப்பலகைகளுக்கிடையே இருந்த இடைவெளி.

இனித் தொகுப்பியின் பக்கம். எஸ்.பி.சி.எல். 2004இல், 0.8.17ஆம் பதிப்பில்தான் ஒருங்குறியின் முழு எழுத்துவெளியையும் ஏற்றது. அதற்குமுன் தமிழ் எழுத்து அதற்கு எழுத்தே அன்று. 2004க்குப் பின் தமிழைச் சேமிக்கவும் காட்டவும் முடிந்தது. ஆனால் நிகரான இரண்டு வடிவங்களை ஒன்றெனக் கொள்ள அது அறிந்திருக்கவில்லை. 2014ஐ ஒட்டிய 1.2 வரிசைப் பதிப்புகளில் அந்த அறிவு வந்தது. கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின்கீழ் ஒரு மாணவர் செய்த பணி அதற்கு அடிப்படை. அதன்பின், கோப்பிலிருந்து ஒரு குறியை வாசிக்கும்போது தொகுப்பியின் வாசிப்பி முதலில் அதை இயல்பாக்கி, பிரிந்து கிடக்கும் கொம்பையும் காலையும் ஒன்றாக்கி, அதன் பின்னரே இருப்பிடம் தேடுகிறது. இதனால் இரண்டு கொடிகளும் ஒரு கொடியாயின.

இது லிஸ்புக்கு முற்றிலும் புதிய பண்பும் அன்று. ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில் எழுதினாலும் பெரிய எழுத்தில் எழுதினாலும் காமன் லிஸ்பின் வாசிப்பி இயல்பாக அனைத்தையும் பெரிய எழுத்தாக்கி ஒரே குறியாகக் கொள்ளும். தோற்றத்தில் வேறுபட்டவற்றையே ஒன்றாக்கும் அச்சலுகை ஆங்கிலத்துக்குத் தொடக்கம் முதல் இருந்தது. தோற்றத்திலும் ஒன்றாகவே இருக்கும் தமிழ்ச் சொற்களை ஒன்றென ஏற்க 2014 வரை ஆயிற்று. இதில் எவருடைய தீய எண்ணமும் இல்லை. தமிழை லிஸ்பில் எழுதி, எண்ணிப் பார்த்து, இரண்டு வருகிறதே என்று முறையிட்டவர் அதற்குமுன் எத்தனை பேர் இருந்திருப்பர் என்பதே கேள்வி. திருத்தக் கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் பெரும்பாலும் முறையிட்டவர் ஒருவர் இருக்கிறார். முறையீடு இல்லாத மொழியின் வழு வழுவாகவே தெரிவதில்லை.

காரணம் தெரிந்தபின் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அதே ஆய்வகத்தில் மலையாளச் சொற்றொகுதி ஒன்றைக் கையாளும் இளைய ஆய்வாளர் ஒருவர் இருந்தார். சரிபார்ப்பதற்காக அவரும் அதே தமிழ்க் கோப்பைத் தம் நிரலில், அதே புதிய பதிப்பில் ஓட்டினார். அவருக்குக் கிடைத்தது பழைய எண்.

“சேச்சி, என் கணினியில் கொடி இன்னும் இரண்டுதான்” என்றார் அவர்.

அவர் சொற்களைக் குறிகளாக வைக்காமல் சரங்களாக வைத்திருந்தார். வாசிப்பி இயல்பாக்குவது குறிகளை மட்டுமே. சரத்தை அது தொடுவதில்லை. மேற்கோளுக்குள் இருப்பது எழுதியவருடையது, அதை உள்ளபடியே தர வேண்டும் என்பது அதன் நியாயம். சரங்களை இயல்பாக்கத் தொகுப்பியில் தனிச் செயற்கூறு உண்டு. அதை நிரலாளரே கேட்டு அழைக்க வேண்டும். அழைத்தாலும் எவ்வடிவம் வேண்டும் என்று சொல்லாவிட்டால், அது இயல்பாகத் தருவது பிரித்த வடிவத்தையே. சேர்த்த வடிவம் வேண்டுவோர் அதைக் குறிப்பிட வேண்டும். ஆக, ஒரே நாளில், ஒரே தொகுப்பியில், ஒரே கோப்பிலிருந்து இரண்டு எண்கள் கிடைத்தன. இரண்டும் தொகுப்பியின் வழு அல்ல.

இளைய ஆய்வாளரின் மலையாளக் கோப்பிலோ அந்தச் செயற்கூறும் கைகொடுக்கவில்லை. மலையாளத்தில் சொல்லிறுதி மெய்களுக்குரிய சில்லெழுத்துகள், ஒருங்குறியின் 5.1ஆம் பதிப்புக்கு முன், மெய்யும் சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பானும் சேர்ந்த மூன்று எண்களாக எழுதப்பட்டன. 2008இல் வந்த அப்பதிப்பு அவற்றுக்குத் தனி எண்கள் தந்தது. பழையதும் புதியதும் திரையில் ஒன்றே. ஆனால் தமிழின் கொம்பும் காலும்போல அவை நிகரானவை என்று ஒருங்குறி அறிவிக்கவில்லை. ஆகவே எந்த இயல்பாக்கமும் அவற்றை ஒன்றாக்காது. அவன் என்று பொருள்படும் மலையாளச் சொல்லே இரண்டாகக் கிடக்கும். தமிழிலும் இத்தகைய இடம் ஒன்று உண்டு: ஸகரத்தால் எழுதிய ஸ்ரீயும், 2005இல் 4.1ஆம் பதிப்பில் சேர்ந்த ஶகரத்தால் எழுதிய ஶ்ரீயும் பார்வைக்கு ஒன்று; கணினிக்கு வேறு. இவற்றை ஒன்றாக்க வேண்டுமானால் ஆய்வாளரே விதி எழுதியாக வேண்டும்.

மறுபுறம், ஒன்றாக்குதல் எல்லா இடத்திலும் நன்மையும் அன்று. குறிகளை இயல்பாக்க எஸ்.பி.சி.எல். தேர்ந்த வடிவம் நிகரானவற்றை மட்டுமன்றி, ஏறத்தாழ ஒத்தவற்றையும் ஒன்றாக்குவது. மேலே சிறிதாக எழுதிய இலக்கத்தை அது இயல்பான இலக்கமாக்கிவிடும். வடமொழித் தோத்திரங்களைத் தமிழெழுத்தில் அச்சிடுவோர் ககர வருக்கத்தின் நான்கு ஒலிகளையும் வேறுபடுத்த க², க³, க⁴ என்று எழுதும் மரபு உண்டு. அவ்விலக்கங்கள் ஒலிப்புக் குறிகள். தொகுப்பியின் வாசிப்பிக்கோ அவை சிறிதாக எழுதிய இரண்டும் மூன்றும் நான்கும். குறியாக வாசித்தால் அவை க2, க3, க4 என்று ஆகிவிடும். சலவைச் சொற்களில் இச்சிக்கல் எழவில்லை. தோத்திர நூல்களை ஆய்பவர் இதே தொகுப்பியை, இதே இயல்புநிலையில் பயன்படுத்தினால் எழும். அவர் அந்த இயல்பாக்கத்தை நிறுத்திவைக்கத் தொகுப்பி வழி தந்திருக்கிறது. வழி இருப்பதை அறிந்தால் நிறுத்தலாம்.

ஒகரத்தின் இந்த இடர்ப்பாடு கணினியோடு தோன்றியதும் அன்று. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்க்குப் புள்ளி இடப்படுவதில்லை. எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வடிவில் வேறுபடுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். ஏட்டில் காண்பது கொ என்பதா, கோ என்பதா, கெர என்பதா என்பதைப் படிப்பவரே பொருள் நோக்கித் தீர்மானிக்க வேண்டும். 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கமும், அடுத்த ஆண்டு இதே கொச்சியில் கிரிசித்தியானி வணக்கமும் தமிழெழுத்தில் அச்சேறியபோதும், குறிலையும் நெடிலையும் கொம்பின் வடிவால் பிரித்துக்காட்டும் வழக்கம் வந்திருக்கவில்லை. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரும் அவர்வழி வந்தோரும் இத்தகைய இடங்களை ஒவ்வொன்றாகத் தீர்மானித்தே நூல்களைத் தந்தனர். ஒரு பாடத்தைக் கொண்டபோது, விட்ட பாடத்தையும் பிரதிபேதமாகக் குறித்துவைத்தனர். ஏட்டை அப்படியே அச்சிட்டிருந்தால் எவருக்கும் பயன்பட்டிராது. கொண்டதை மட்டும் அச்சிட்டு மற்றதை மறைத்திருந்தால், பின்வந்தோர் சரிபார்க்க வழி இருந்திராது.

தாம் படித்து வியந்த அந்த ஒழுக்கத்தைத் தம்முடைய தரவுக்குத் தாமே மறுத்திருப்பதை ஆய்வாளர் உணர்ந்தார். பழைய தொகுப்பி இரண்டாக்கியபோது அவர் தீர்மானிக்கவில்லை. புதிய தொகுப்பி ஒன்றாக்கியபோதும் தீர்மானிக்கவில்லை. இரண்டு முறையும் வேறெவரோ, வேறெதற்காகவோ எடுத்த முடிவு அவர் பெயரில் இயலுக்குள் நுழைந்திருந்தது. இரண்டாவது முடிவு அவருக்கு உகந்ததாக அமைந்தது தற்செயல்.

அந்தச் சனிக்கிழமை அவர் இடப்பள்ளியிலிருந்து மெட்ரோவில் எர்ணாகுளம் சென்று, படகேறி ஃபோர்ட்கொச்சிக்குப் போனார். சலவைக்கூடத்தில் மூதாட்டி இல்லை, பேத்தி இருந்தார். ஆய்வாளர் பட்டியலை எடுக்காமல், கயிற்றையும் மூட்டையையும் கல்தொட்டியையும் சுட்டி, இதை வீட்டில் என்னவென்று சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கொடி, பொதி, தொட்டி என்று விடைகள் வந்தன. சொட்டுநீலத்துக்கு நீலம் என்றார். வேறு சிலவற்றுக்கு மலையாளச் சொற்களைச் சொன்னார். சிலவற்றுக்கு, அதையெல்லாம் இப்போது இயந்திரம் செய்கிறது, பெயர் நினைவில்லை என்றார்.

ஆகவே இயலின் கூற்று முழுதும் பொய்யாகவில்லை. சொற்கள் மறைந்துவருவது உண்மை. வெள்ளாவியை ஒட்டிய நுணுக்கமான சொற்கள் இளையோர் பட்டியலில் எந்தத் தொகுப்பியின் எண்ணிக்கையிலும் இல்லை, கேட்டபோதும் இல்லை. ஆனால் மறைவின் அளவு, ஆய்வாளர் எழுதியதைவிடச் சிறிது. அதன் காரணமும் வேறு: வேலை இருக்கும் இடத்தில் சொல் இருக்கிறது, வேலை போன இடத்தில் சொல்லும் போயிருக்கிறது. ஒரு தலைமுறை தன் மொழியைக் கைவிட்டது என்னும் தீர்ப்புக்கு அங்கே இடமில்லை. அத்தீர்ப்பு அப்படியே அச்சேறியிருந்தால், நாள்தோறும் கொடியில் துணி உலர்த்தும் ஒரு பெண்ணைக் குறித்து, அவருக்குக் கொடி என்னும் சொல் தெரியாது என்று ஓர் ஆய்வேடு நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்திருக்கும். மேற்கோள் காட்டுவோர் வெளிக்குப் போய்க் கேட்டிருக்கவும் போவதில்லை.

நெறியாளரிடம் சொல்வது எளிதாக இருக்கவில்லை. சமர்ப்பிக்கும் நாள் நெருங்கியிருந்தது. இயலின் ஒரு பகுதி ஏற்கெனவே கருத்தரங்கு ஒன்றில் வாசிக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர் இரண்டு எண்களையும் எடுத்துச் சென்று மேசைமேல் வைத்தார். எந்த எண்ணை எடுக்கப்போகிறீர்கள் என்று நெறியாளர் கேட்டார். எடுக்கப்போகும் எண்ணையும், அதைப் பெற்ற வழியையும், விட்ட எண்ணையும் மூன்றையுமே எழுதப்போவதாக ஆய்வாளர் சொன்னார். காலநீட்டிப்பு விண்ணப்பத்தில் நெறியாளர் கையெழுத்திட்டார்.

திருத்திய இயலின் ஆய்வுமுறைப் பகுதியில் இப்போது ஒரு பக்கம் கூடியிருக்கிறது. தொகுப்பியின் பெயரும் பதிப்பெண்ணும் அதில் இருக்கின்றன. எழுத்தாக்கம் எந்தெந்த விசைப்பலகைகளில் நிகழ்ந்தது என்பதும், சொற்கள் சேர்த்த வடிவத்துக்கு இயல்பாக்கப்பட்ட பின்னரே எண்ணப்பட்டன என்பதும், அந்த இயல்பாக்கம் தொகுப்பியின் வழக்கத்துக்கு விடப்படாமல் நிரலில் வெளிப்படையாகச் செய்யப்பட்டது என்பதும் எழுதப்பட்டுள்ளன. ஸ்ரீ, ஶ்ரீ ஆகிய இரண்டும் ஒன்றாகக் கொள்ளப்பட்டமை தனியே குறிக்கப்பட்டுள்ளது. மாற்றப்படாத மூலக்கோப்பு, விரும்புவோர் சரிபார்ப்பதற்காகப் பின்னிணைப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. பழைய குறிப்பேட்டில் முதியோரின் பெருமிதம் என்றிருந்த வரியை ஆய்வாளர் அழிக்கவில்லை. அதன்கீழே தேதியிட்டு, தகவலாளி கூறியது சரி என்று எழுதிவைத்திருக்கிறார்.

இளைய ஆய்வாளரின் சில்லெழுத்துகள் இன்னும் இரண்டிரண்டாகவே கிடக்கின்றன. அவற்றை ஒன்றாக்கும் விதிகளை அவர் தாமே எழுதிக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதப் பதிப்பு வந்தவுடன், அதை நிறுவுவதற்கு முன், நியூஸ் கோப்பைத் திறந்து வரிவரியாகப் படிக்கும் பழக்கம் இப்போது இருவருக்கும் உண்டு.